முதல் கோல் விருந்தாளிக்கு

"நீ இடப்பக்கம் விழு, அவ ஒன் வலப்பக்கம் அடிப்பா, அவ்வளவுதான்..."

"பதினோரு வருஷமா அதத்தானே..."

"என்னப் பேசவிடு, எலிசா."

"நீ பேசி முடிக்கறதுக்குள்ள மேட்ச் முடிஞ்சிரும், அண்ணா."

லாலாகுடா ரயில்வே மைதானத்தில், கோல் கம்பத்தடியில் அண்ணனும் தங்கையும். எட்வின்தான் ரயில்வே ஒர்க்‌ஷாப் பெண்கள் அணிக்குக் கோச். எலிசபெத் அங்கே ஃபிட்டர், அணியின் கோல்கீப்பர். முட்டி இனித் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இன்று அவளுக்குக் கடைசி மேட்ச்.

1955-இல் வல்லரசுகள் எதுவும் வேண்டாமென்று இந்தியா பிரேசிலோடு கைகோத்தது. அன்றிலிருந்து நம் ரயில் எஞ்சின்கள் அவர்கள் கொடுத்தவை, நம் தெருக்களில் கால்பந்து. கிரிக்கெட் மட்டை கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஒர்க்‌ஷாப்புக்கு வந்த பிரேசில் குடும்பங்கள் இங்கேயே தங்கிவிட்டன. ஆனாலும் வருஷாவருஷம் நடக்கும் நட்பு நாள் மேட்சில் அவர்கள் விருந்தாளிகள். ஆட்டம் தொடங்கும் முன் அவர்களுக்கு ஒரு பெனால்டி. அதை நாம் விட்டுக்கொடுப்பது வழக்கம்.

"மேடையில பிரேசில் தூதர் உக்காந்திருக்காரு. புடிச்சிட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன். பந்து என் கையில இருக்கும்."

"வெளையாட்டு இல்ல எலிசா, ரெண்டு நாட்டு விஷயம்."

"எனக்கு ஒர்க்‌ஷாப்ல என்ன பேரு தெரியுமா? லெவல் கிராஸிங் கேட். பிரேசில் வந்தா தானா தொறந்துக்குமாம். அந்தப் பேரோட நான் வீட்டுக்குப் போகணுமா?"

எட்வின் வாயைத் திறப்பதற்குள் நடுவரின் விசில் ஒலித்தது.

பந்தை வைத்தவள் பிரேசில் அணியின் லூசியானா. அதே ஒர்க்‌ஷாப்பின் பெயிண்ட் பிரிவில் வேலை, பிறந்ததே லாலாகுடாவில்தான். நாலு எட்டு ஓடி வந்து அடித்தாள். எலிசபெத்தின் உடம்பு பழக்கத்தில் இடப்பக்கம் சாய்ந்தது; அவள் அதை இழுத்துப் பிடித்து வலப்பக்கம் பாய்ந்தாள். பந்து நெஞ்சில் மோதியது. இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு புழுதியில் உருண்டாள்.

பேண்டு வாத்தியம் பாதியில் நின்றது. எட்வின் தலையில் கை வைத்துக்கொண்டான். மேடையில் தூதர் எழுந்துவிட்டார், கோபமா என்னவென்று யாருக்கும் புரியவில்லை. பிறகு மைதானம் மொத்தமும் எழுந்தது. பிரேசில் பெஞ்சிலிருந்துதான் முதல் விசிலடி.

லூசியானா நடந்து வந்தாள். எலிசபெத்தின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்திலேயே வைத்தாள். குனிந்து ஷூ லேஸை இறுக்கிக் கட்டினாள்.

"ஹவ் அக்கா, ஆமா, இத்தன வருஷமா நானும் மெதுவாத்தான் அடிச்சேன். இப்ப நில்லு."