ஒரு கட்சியா, இரண்டா

சவப்பெட்டிக்குள் கணவர் ரூஃபஸின் டையைச் சரிசெய்துகொண்டிருந்த கிருபாராணியின் காதருகே அனந்தராமன் குனிந்தார்.

"ரெண்டு கட்சின்னே போட்டுடறேம்மா. ரூஃபஸ் சொன்னபடியே. நாலு மணிக்குள்ள பப்ளிஷருக்கு ஃபைல் போயாகணும்."

அவள் கை அப்படியே நின்றது.

அமெரிக்காவின் பிஸ்கட்டவே ஊரில், பல்கலைக்கழக நூலகத்தில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து, கொரியாவின் சின்னஞ்சிறு கட்சிகளுக்கெல்லாம் ஓர் அகராதி தொகுத்தவர்கள் ரூஃபஸும் அனந்தராமனும். 1946இல் சியோலில் சில மாதங்களே இருந்த ஒரு விவசாயிகள் கட்சியைப் பற்றித்தான் பதினோரு வருடச் சண்டை. அதன் தலைவரென்று செய்தித்தாள் ஒரு பெயரைச் சொன்னது. அமெரிக்க ராணுவப் பட்டியல் வேறொரு பெயரைச் சொன்னது. ஒரே கட்சிதான், பட்டியல் எழுதியவன் குளறிவிட்டான் என்பார் அனந்தராமன். இல்லை, ஒரே பெயரில் இரண்டு கட்சிகள் என்பார் ரூஃபஸ். வீட்டுக்குச் சாப்பிட வந்தால் ரசம் ஆறிப்போகும், கத்தல் ஆறாது.

திங்கள்கிழமை காலை ரூஃபஸ் மூச்சு வாங்க அவளைக் கூப்பிட்டார். "ஒண்ணுதான், ராணி. ரெண்டு தலைவருக்கும் ஒரே வீட்டு முகவரி. அனந்துகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ சொல்லிடாத."

மத்தியானம் போய்விட்டார்.

இப்போது மணி மூன்றரை. சொன்னால், செத்த பிறகும் அவரைத் தோற்க விட்ட மாதிரி. சொல்லாவிட்டால், தப்பென்று அவரே கண்டது அவர் பெயரில் அச்சேறும்.

"அம்மா, பாஸ்டர் அங்கிள் பார்க்கிங்ல இருக்காங்க." மகள் ஜெபினா எட்டிப் பார்த்தாள். "ஆர் யூ ஓகே?"

"ரெண்டு நிமிஷம், ஜெபி."

கதவு மூடும்வரை காத்திருந்தாள். "ஏன்ணா, பாவம் பார்த்துப் போடறீங்களா?"

"அவ்ளோ கத்தியிருக்கேனே அவன்கிட்ட. இந்த ஒரு தடவை ஜெயிச்சுட்டுப் போகட்டும்."

"அவர் ஒண்ணுன்னு சொல்லிட்டார்."

அனந்தராமன் நிமிர்ந்தார். "எப்போ?"

"திங்கக்கிழமை காலைல."

"யார் கூட இருந்தா?"

"நான் மட்டும்தான்."

"மார்ஃபின் ஊசிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சுருக்கென்றது அவளுக்கு. பெட்டி பக்கத்தில் நின்று கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் பொய் வரவில்லை. "பின்னாடிதான்."

"அப்போ மருந்து மயக்கத்துல சொன்னது, அது சேராது." அவசரமாகத் தலையசைத்தார். "ரெண்டுன்னு அவன் கையெழுத்துல நோட்டு இருக்கு. எனக்கு அது போதும்."

"முகவரியப் பாருங்கண்ணா. ரெண்டு பேருக்கும் ஒரே வீடாம்."

நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். வாசலில் பாஸ்டரின் குரல் கேட்டது. அனந்தராமனின் விரல் ஒரு வரியில் நின்றது. வேறொரு பக்கத்துக்குத் தாவியது. மறுபடி பழைய வரிக்கே வந்தது.

"படவா," என்றார் மெல்ல. "இத்தனை வருஷமா என் கண்ணுல படலையேடா இது."

இரண்டு பதிவுகளை ஒன்றாக்கினார். அனுப்பவில்லை. எழுந்து, தன்னையறியாமல் திரையைச் சவப்பெட்டிப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார், எதிர் மேசைக்குக் காட்டுகிறவர்போல.

இருவருக்கும் நடுவில் நின்றிருந்த கிருபாராணி ஓரடி விலகிக்கொண்டாள்.