முதலிடமும் முட்டியளவு சேறும்

ஜெயக்கொடிக்கு எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்க இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. மாமா ஜெயவேலு கொண்டுவந்த பத்திரிகையின் தரவரிசையில் ஒன்று முதலிடம், மற்றது பதினாலு. ராஜகீழ்ப்பாக்கத்தில் நெல் விளைந்த நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்ற அவள் அப்பா பொன்னுரங்கத்துக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கார்னர் மனை இருக்கும்போது சந்துக்குள்ளே எவனாவது வாங்குவானா?

முதலிடத்துக்கு மூவருமாகப் போனார்கள். துறைத்தலைவர் மியூசியத்தைச் சுற்றிக் காட்டினார். அலமாரி முழுக்க பாட்டில்கள். உள்ளே பாம்பும் பல்லியும் சுறாக்குட்டியும் வெளுத்துப்போய், இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் போல விறைத்திருந்தன. ஜெயக்கொடி ஒன்றை எடுக்கப் போனாள்.

"தொடாதம்மா. விசிட்டர்ஸுக்குக் காட்டறது."

"வெளியில எப்போ கூட்டிட்டுப் போவீங்க சார்?"

"ரெண்டாவது வருஷம் ஊட்டி டூர். போட்டிங்கெல்லாம் உண்டு."

மாமாவுக்குப் போட்டிங் ரொம்பப் பிடித்துவிட்டது.

பதினாலுக்கு அவள் மட்டும் போனாள். "சார் குட்டையில கீறாரு" என்று கட்டடத்தின் பின்பக்கம் கைகாட்டினான் பியூன். பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தார் பேராசிரியர் வேதசிரோமணி.

"ஜூவாலஜியா? செருப்பைக் கழட்டிட்டு இறங்கு. இந்த வலையைப் பிடி."

பேர் கேட்கவில்லை, மார்க் கேட்கவில்லை. வலையில் விழுந்த ஒரு தலைப்பிரட்டை எந்த வகை என்று இருவருக்கும் சண்டையே வந்தது. கடைசியில் அவர், "தெரியலையே, வளரட்டும், பாப்போம்" என்றார். ஒரு வாத்தியார் வாயிலிருந்து 'தெரியலை' வந்து அவள் கேட்டதே இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

சுடிதார் முழுக்கச் சேற்றோடு வாசலில் நின்றவளைப் பார்த்ததும் அப்பா கத்தினார்.

"தவளை புடிக்க காலேஜு இன்னாத்துக்கு? நம்ம ஏரி பத்தாதா?"

"நம்ம ஏரில டிகிரி தரமாட்டாங்கப்பா."

"அப்போ நம்பர் ஒன்ல சேரு. லீவு நாள்ல ஏரில எறங்கிக்க, எவன் கேக்கறான்?"

"எங்க எறங்கறது? பாதி ஏரியத்தான் நீங்க மனை போட்டு வித்துட்டீங்களே!"

உள்ளேயிருந்து அம்மா கிளியம்மாளின் சிரிப்பு கேட்டது. பொன்னுரங்கம் தெருவை எட்டிப் பார்த்தார்.

"மெதுவா பேசுடி. ஆளுங்க கீறாங்க."

அந்தச் சூட்டிலேயே பதினாலின் அட்மிஷன் ஃபாரத்தில் அவர் கையெழுத்து விழுந்தது.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பதினாலு சும்மா வரவில்லை. நாலு பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப். லைப்ரரி பாதி நாள் பூட்டு. ஜெயக்கொடி தினமும் திட்டினாள். ஒரு நாளும் மட்டம் போடவில்லை. மறு வருஷம் தரவரிசையில் கல்லூரியின் பெயரே காணோம். மாமா ஓடிவந்து சொன்னபோது பொன்னுரங்கம் அசரவில்லை.

"லிஸ்ட்டுக்கே அடங்காத காலேஜு மச்சான் அது."

அந்த ஐப்பசி மழையில் வேதசிரோமணியோடு மறுபடி எந்த வகை என்று சண்டை போட்டு, ஒரு பக்கெட் தலைப்பிரட்டையை வீட்டு பாத்ரூமில் கொண்டுவந்து வைத்தாள். அவற்றுக்குக் கால் முளைத்த காலையில் கிளியம்மாள் போட்ட கூச்சல் ஜங்ஷன்வரை கேட்டதாம். ஜெயக்கொடியோ கதவுக்கு வெளியே குதித்துக்கொண்டிருந்தாள்:

"மிதிச்சிடாதம்மா! நான் சொன்ன வகைதான்!"