இழுக்க வேண்டிய விசிறி

“இழுக்குதா, தள்ளுதா? அதை மட்டும் சொல்லு.”

“தள்ளுது அக்கா.”

“நல்லாப் பாத்துச் சொல்லு, குட்டி.”

“இதுல நல்லாப் பாக்க என்ன இருக்கு? பாதி என் மேல இருக்கு, மீதி கேப்டன் தலைக்கு மேல மிதந்துக்கிட்டு இருக்கு. தள்ளுது, தள்ளுது, தள்ளுது. போதுமா?”

கட்டுப்பாட்டு அறையில் முப்பது பேர் இருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் இந்தப் பேச்சுக்குக் கூரையே பறந்திருக்கும். இப்போதோ ஆளாளுக்குத் தன் முன்னால் இருந்த திரையை வெறித்துக்கொண்டு, மூச்சுவிட்டால் குற்றம் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அதை வாயருகே இன்னும் இழுத்துக்கொண்டாள். விண்வெளியிலிருந்து பேசியது அவள் கூடப்பிறந்த தங்கை. விண்கலம் காலை ஆறரைக்குக் கிளம்பி ஐந்து மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதில் போன மூன்று பேரில் முதல் ஆளாகக் கழிப்பறைத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனவள் குட்டி. அந்தக் கழிப்பறையைச் செய்தவள் அக்கா.

அக்காவுக்குப் பட்டறையில் காத்தாடி என்று பெயர். பத்து வருடமாக விசிறிகளோடு குடித்தனம் நடத்தியதில் ஒட்டிக்கொண்ட பெயர். “பெரியவ ராக்கெட்டுக்குக் காத்தோட்டம் பண்றா” என்றுதான் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். அதை முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. எடையில்லாத இடத்தில் கழிப்பறை என்பதே காற்றோட்டம்தான். அங்கே தண்ணீர் ஊற்றினால் ஓடாது. உடலை விட்டு வந்தது கீழே போகாது, ஏனென்றால் கீழே என்று ஒரு பக்கமே கிடையாது. தொடைகளைப் பட்டையால் இறுக்கிக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டளவு இருக்கையில் உட்கார வேண்டும். அதற்கு அடியில் ஒரு விசிறி சுழலும். சிறுநீரைக் குழாய்க்குள்ளும் மற்றதைப் பைக்குள்ளும் காற்றோடு சேர்த்து அது உறிஞ்சிக்கொள்ளும். பூமி சும்மா செய்துகொடுக்கிற வேலையை அங்கே அந்த ஒற்றை விசிறி செய்தாக வேண்டும்.

அது உறிஞ்சாமல் ஊதினால் என்ன ஆகும் என்பது பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆரஞ்சுப்பழம் அளவில் ஒரு மஞ்சள் உருண்டை, உடம்பெல்லாம் நடுங்க, அவசரமே இல்லாமல் கலத்தின் நடுவில் நகர்ந்தது. கேப்டன் ஒரு துண்டை வலைபோல விரித்துக்கொண்டு அதன் பின்னால் நீந்தினார். துண்டின் ஓரம் பட்டதும் உருண்டை உடைந்து பத்துப் பதினைந்தாகச் சிதறியது. பழுப்பு நிறத்தில் வேறு சிலவும் மிதந்தன. அவை என்னவென்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த குட்டியின் தோள்கள் குலுங்கின. ஒரு நொடி அவள் முகம் காமிராப் பக்கம் வந்தது. அழுகிற கண்ணிலிருந்து நீர் வழியவில்லை. கண்மேலேயே கட்டியாகத் திரண்டு, கழற்ற முடியாத மூக்குக்கண்ணாடிபோல நின்றது.

“படத்தை நிறுத்துங்க” என்றார் பயண இயக்குநர். குரல் உயர்த்தாத மனிதர். அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம்.

திரை கறுத்தது. அவர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

“ஒரு சொட்டு மின்பலகைக்குள்ள போனாலும் போச்சு. அவங்ககிட்ட இருக்கிற அவசரப் பை ஒரு நாளைக்குத்தான் தாங்கும். பயணம் பதினோரு நாள். பூமியை ஒரு சுத்து, ஒண்ணரை மணி நேரம் தர்றேன். அதுக்குள்ள சரியாகலன்னா கலத்தை இறக்கிடுவேன்.”

எட்டு வருடம் குட்டி காத்திருந்த பயணம். இரண்டு தடவை பட்டியலில் பெயர் வந்து, இரண்டு தடவையும் கடைசி நேரத்தில் அடிபட்டுப்போனது. மூன்றாம் தடவையும் ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடுமா? அதுவும் எதனால் என்று ஊர் கேட்டால் என்ன சொல்வாள்?

“விசிறி சுத்துதே, பச்சை விளக்கு எரியுதே” என்றார் சோதனைப் பிரிவுக்காரர். “வேகமும் சரியா இருக்கு. அப்புறம் எப்படி?”

“சுத்துறது விளக்குக்குத் தெரியும் சார். காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு அதுக்குத் தெரியாது.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. பக்கத்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பது நாளுக்கு முன்னால் குட்டி பட்டறைக்கு வந்திருந்தாள். இருக்கையில் உட்கார்ந்து பழகுவதற்கான கடைசி நாள் அது. எல்லோரும் போன பிறகு, கதவோரம் நின்று தயங்கினாள்.

“அக்கா, இந்த விசிறி என்ன இப்படிக் கத்துது?”

“விசிறின்னா கத்தத்தான் செய்யும். தாலாட்டா பாடும்?”

“அது இல்லக்கா. ஒரு திரைதான் மறைப்பு. அந்தப் பக்கம் ரெண்டு ஆம்பளைங்க. நான் உள்ள போறது, உக்கார்றது, முடிக்கிறது எல்லாம் இது ஒலிபரப்புப் பண்ணுது. கொஞ்சம் சத்தத்தைக் குறையேன். உனக்கு அஞ்சு நிமிஷ வேலை.”

ஐந்து நிமிட வேலைதான். விசிறியைக் கழற்றி, அதன் உருளையைச் சுற்றி மெத்தென்ற ரப்பர் உறை ஒன்றை மாட்டித் திரும்பப் பொருத்தினாள். சத்தம் பாதியாகக் குறைந்தது. குட்டி அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த உருளைக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரிதான் இருக்கும். திருகுத் துளைகளும் இரண்டு பக்கமும் ஒன்றே. எந்தப் பக்கம் காற்று போகும் என்பதற்கு மேலே ஓர் அம்புக்குறி உண்டு. உறை அந்த அம்பை மூடிவிட்டது.

சோதிக்காமல் விட்டாளா என்றால், அதுவும் இல்லை. மறுநாள் காலையில் முறைப்படி சரக்கை விட்டுப் பார்த்தாள். பயறு அரைத்து எண்ணெய் சேர்த்துப் பிசைந்த போலி மலத்துக்குப் பட்டறையில் சரக்கு என்று பெயர். மூன்று முறை விட்டாள். மூன்று முறையும் இம்மி பிசகாமல் பைக்குள் போனது. சரி என்று குறித்து முத்திரை குத்தினாள். இருக்கையின் வாயில் மெல்லிய தாளைப் பிடித்து, அது உள்ளே இழுபடுகிறதா என்று பார்க்கிற சோதனை வேறு ஒன்று உண்டு. ஒயர் மாறினால் விசிறி எதிர்ப்பக்கம் சுழலும் என்பதால், ஒயரைத் தொட்டால்தான் அதைச் செய்ய வேண்டும் என்பது விதி. அவள் ஒயரைத் தொடவில்லை.

சரக்கு பைக்குள் போகத்தான் செய்யும். விட்ட இடம் பூமி. விசிறி மேல்நோக்கி ஊதினால்கூட, அந்தக் கனத்துக்கு அது கீழேதான் விழும். பூமி இழுத்ததை விசிறி இழுத்ததாக எண்ணி அவள் முத்திரை குத்திவிட்டாள்.

“சார்” என்றாள். மேசையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். “விசிறி தலைகீழா மாட்டியிருக்கு. நான்தான் மாட்டினேன்.”

முப்பது தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. சோதனைப் பிரிவுக்காரர் கையிலிருந்த பேனா தரையில் விழுந்து உருண்டது. அதைக் குனிந்து எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

“மாட்டி முடிச்ச பொருளைத் திறந்தீங்களா?” என்றார் இயக்குநர்.

“திறந்தேன் சார். சத்தத்துக்காக.”

“யார் சொல்லி?”

“அதை அப்புறம் சொல்றேன். முதல்ல அதைத் திருப்பி மாட்டச் சொல்றேன்.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு, பேசு என்பதுபோல ஒலிவாங்கியைக் காட்டினார்.

“குட்டி, கேக்குதா? விசிறியை நான் மாத்தி மாட்டிட்டேன். அன்னிக்குக் கழட்டினப்போ.”

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று ஒருவர் கருவியைத் தட்டிப் பார்த்தார். அறுபடவில்லை. குட்டியின் மூச்சு கேட்டது.

“அன்னிக்கா?” என்றாள் குட்டி கடைசியில்.

“ஆமா. இப்ப அதைப் பேச நேரமில்ல. விசிறியை நிறுத்து. இருக்கைக்கு அடியில மூடி இருக்கும், நாலு திருகு. நீ பண்றியா, கேப்டனைப் பண்ணச் சொல்லவா?”

“என்னோடதை நானே அள்ளிக்கிறேன். அவர் முகத்தை இன்னும் பதினோரு நாள் பாக்கணும்.”

மூடி திறந்தது. உள்ளே காற்றில் அடைந்துகிடந்ததெல்லாம் மெதுவாக வெளியே வந்திருக்க வேண்டும். குட்டி ஓங்கரிக்கும் ஒலி அறை முழுக்கக் கேட்டது. பயிற்சியில் எத்தனையோ சுழற்சி நாற்காலிகளில் ஏறி இறங்கியும் வாந்தி எடுக்காதவள் என்று பெயர் வாங்கியவள். இரண்டு பேர் காதுக்கருவியைக் கழற்றி வைத்தார்கள்.

“அக்கா, நாத்தம் தாங்கல.”

“மூக்கைப் பொத்திக்க.”

“எந்தக் கையால? ஒரு கையில திருப்புளி, ஒரு கையில சுவத்தைப் பிடிச்சிருக்கேன். விட்டா நானும் மிதப்பேன்.”

“கேப்டன் கையால பொத்திக்க.”

“அவர் ரெண்டு கையாலயும் அவரோட மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறாரு.”

அறையில் யாரோ களுக்கென்றார்கள். அவ்வளவுதான், அடக்கிவைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. பயணிகளின் உடல்நிலையைக் கவனிக்கும் டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இயக்குநர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். சிரிப்பு சட்டென்று நின்றது.

“கறுப்பா ரப்பர் உறை இருக்கா? அதை உரிச்சுப் பையில போடு. அம்பு தெரியுதா?”

“தெரியுது. நேரா என் மூஞ்சியை நோக்கிக் கை நீட்டுது.”

“அந்தக் கை உன்னைப் பாக்கக் கூடாது. திருப்பு. திருப்பி மாட்டு.”

நான்கு திருகுகளில் ஒன்று கைநழுவி எங்கோ பறந்தது. மூன்று பேருமாக அதைத் தேடிப் பிடிப்பதற்குள் இருபது நிமிடம் ஓடிவிட்டது. அதற்குள் கலம் பூமியின் மறுபக்கம் போய்விட, தொடர்பு போனது. அந்த நேரமெல்லாம் அக்கா உட்காரவே இல்லை. இயக்குநர் இறங்கும் இடத்துக்கான வரைபடத்தை வரவழைத்து மேசையில் விரித்து வைத்தார். கடலில் ஒரு சிவப்பு வட்டம். மீட்புக் கப்பலோடு பேச ஆரம்பித்தார். அவள் அந்த வட்டத்தைப் பார்க்காமலிருக்கத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொடர்பு திரும்பியபோது முதலில் விசிறியின் இரைச்சல்தான் கேட்டது. உறை இல்லாததால் காதைத் துளைத்தது.

“தாள் உள்ள போகுது அக்கா” என்று குட்டி அந்த இரைச்சலுக்கு மேல் கத்தினாள். “கையை வச்சா உள்ளங்கையைப் புடிச்சு இழுக்குது. இழுக்குது!”

இயக்குநர் வரைபடத்தைச் சுருட்டினார். மீட்புக் கப்பலிடம், “தேவையில்லை” என்று ஒரே வார்த்தையில் சொன்னார். எல்லோரும் கைதட்டியபோது அவர் தட்டவில்லை. நேராக அக்காவிடம் வந்து, ஒரு படிவத்தை நீட்டினார்.

“மூணு உயிரு, மயிரிழையில தப்பிச்சிருக்கு. என்ன நடந்ததுன்னு எழுதிக் குடுங்க. மாட்டி முடிச்ச பொருளைத் திறக்கச் சொன்னது யாருன்னும் எழுதணும். மூணு மணிக்குள்ள.”

படிவத்தில் அதற்கென்று தனியாக ஒரு கட்டம் இருந்தது: யாருடைய கோரிக்கையின்பேரில். கடைசிப் பத்து நாளில் பயணிகள் எதையும் மாற்றச் சொல்லக் கூடாது என்பது கல்லில் வெட்டிய விதி. போன வருடம் இருக்கைப் பட்டையைத் தளர்த்தச் சொன்ன விமானி ஒருவர் பட்டியலிலிருந்து நிரந்தரமாக எடுக்கப்பட்டார். இப்போது அவர் புதியவர்களுக்கு வகுப்பெடுக்கிறார். அதைத் தளர்த்திக்கொடுத்தவர் எச்சரிக்கையோடு தப்பினார்; யாரும் கேட்காமல் தானாகவே திறந்தவருக்கு வேறு தண்டனை. அவருடைய முத்திரையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதன்பிறகு பறக்கப்போகும் ஒரு பொருளையும் அவர் விரலால்கூடத் தொட முடியாது.

அக்கா கட்டத்துக்கு மேல் பேனாவை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மை ஒரு புள்ளியாக ஊறியது.

டாக்டரம்மா வந்து அவள் தோளைத் தொட்டாள். “உன் தங்கச்சி என் தனி லைன்ல கூப்பிட்டா. உடம்பு சரியில்லைன்னு சொன்னா. கேட்டுப் பாத்தா உன்கூடப் பேசணுமாம். போ, அஞ்சு நிமிஷம். அந்த லைனை யாரும் பதிவு பண்றதில்ல.”

டாக்டரின் அறை சின்னது. எடைபார்க்கும் கருவி, சாய்வுக் கட்டில், மேசைமேல் ஒரு ஒலிபெருக்கி. டாக்டரம்மா வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். அக்கா படிவத்தைக் கையிலேயே கொண்டுவந்திருந்தாள்.

“பக்கத்துல யாரும் இல்லையே?”

“இல்ல. சொல்லு. உடம்பு எப்படி இருக்கு?”

“உடம்புக்கு என்ன, நாலு தடவை துடைச்சாச்சு. தோலே போச்சு.” குட்டி சிரிக்க முயன்றாள். “ஜன்னல் வழியா இப்பத்தான் முதல் தடவையாப் பாத்தேன் அக்கா. காலையிலேருந்து பாக்கவே இல்ல. நீலம்னா இவ்வளவு நீலமா? எனக்கு வார்த்தை வரல.”

அக்கா படிவத்தை மேசைமேல் வைத்தாள்.

“எழுதச் சொல்லிட்டாங்களா?”

“மூணு மணிக்குள்ள.”

“யார் கேட்டதுன்னு அதுல ஒரு கட்டம் இருக்குமே.”

“இருக்கு.”

விசிறியின் இரைச்சல் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ உள்ளே போயிருக்க வேண்டும்.

“உன் முத்திரை போயிடும்னு எனக்குத் தெரியும்” என்றாள் குட்டி. குரல் உடைந்து, பிறகு சின்ன வயசுக் குரலாக மாறியது. “இருந்தாலும் கேக்கறேன். என் பேரை எழுதாத அக்கா. நீயாவே திறந்ததா எழுதிடேன்.”