மல்லப்பன் கடையில் தோற்றவர் எழ வேண்டும்

மண்டி மொஹல்லாவில் மல்லப்பனின் வீடியோ கேம் கடை தீப்பெட்டி அளவுதான். ஆனால் 1999-இல் பாதி மைசூர் அதற்குள் நின்றது. மீதிப் பாதி வாசலில் செருப்புகளைக் காவல் காத்தது. எல்லாம் அந்தப் புதுச் சண்டை சிடிக்காக. அதில் தொளதொளக் கால்சட்டையும் தேர்வடம் மாதிரித் தங்கச் சங்கிலியும் போட்ட அமெரிக்கத் தெருப் பையன்கள், ராப் தாளத்துக்கு ஆடிக்கொண்டே ஒருவரை ஒருவர் துவைத்தார்கள்.

கடைச் சட்டம் ஒன்றே: தோற்றவர் எழ வேண்டும், ஜெயித்தவர் உட்கார்ந்திருக்கலாம். சொல்லாத சட்டம் இன்னொன்று: பெண்கள் உட்காரவே கூடாது. அக்ரஹாரத்து ஹம்ஸா, லீவில் பெங்களூர் சித்தி வீட்டில் விரல் தேய ஆடிப் பழகியவள், கல்லூரிப் பையோடு நேராக வந்து, அப்போதுதான் தோற்றவன் எழுந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பேடம்மா, வேண்டாம், இது பசங்க ஜாகா" என்றார் மல்லப்பன்.

"போர்டுல அப்படி எழுதலையே அண்ணா. தோத்தா எழுந்துக்கறேன். அப்பறம் இந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன்."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் யார் என்று பார்த்தாள். பக்கத்து ஸ்டூலில் இருந்தவன் முரளிதரன். தசராவிலிருந்து அவன் எழுந்ததை எவரும் பார்த்ததில்லை. ஸ்டூல் வேர்விட்டுவிட்டதாகப் பேச்சு.

முரளி வேண்டுமென்றே அவள் எடுத்த ஆளையே தானும் எடுத்தான். அவளுக்குச் சிவப்புத் தொப்பி, அவனுக்குப் பச்சை. ஆனால் வெளிநாட்டு சிடி போட்டால் மல்லப்பனின் டிவியில் கலர் வராது. கறுப்பு வெள்ளையில் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு பேர் நின்றார்கள்.

"உங்க ஆள் எதுன்னு தெரியுதா மேடம்?"

ஹம்ஸா ஒரு பொத்தானை அழுத்தினாள். இடப்பக்கத்து ஆள் சண்டையை விட்டுவிட்டு இடுப்பை ஆட்டி எதிராளியைக் கேலி செய்தான்.

"இதோ ஆடறானே, அவன்தான்."

கடையே சிரித்தது. அடுத்த மண்டியில் அரிசி மூட்டைகள்கூடக் குலுங்கின. காது சிவக்க முரளி பாய்ந்தான். திரையில் இரண்டு ஆட்களும் தாண்டிக் குதித்து இடம் மாறியதில் அவன் கண் அவளுடைய ஆளோடு போய்விட்டது. ஹம்ஸாவும் ஒரு கணம் தன் ஆளைத் தொலைத்தாள். மறுபடி ஆடவிட்டுக் கண்டுபிடித்தாள். அடி விழ விழ முரளி பல்லிளித்தான்.

"பாத்தியா குரு, எப்படித் துவைக்கிறேன்" என்றான் பின்னால் நின்ற நண்பனிடம்.

துவைபட்டுக்கொண்டிருந்தது அவன் ஆள். மல்லாந்து விழுந்த பிறகுதான் தெரிந்தது.

"இது செல்லாது. கலரே இல்ல."

"எனக்கு மட்டும் கலர்ல தெரிஞ்சுதா?"

மல்லப்பன் சமாதானத்துக்கு வந்தார். "காலைல வாம்மா. யாரும் இருக்க மாட்டாங்க. நிம்மதியா ஆடு."

"யாரும் இல்லாதப்போ யாரை அடிக்கறது அண்ணா?"

ஹம்ஸா ஸ்டூலைத் திரைக்கு இன்னும் ஒரு சாண் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முரளி, எழுந்துக்கோ. பின்னாடி நிக்கறவாளுக்கெல்லாம் கால் வலிக்கறது."