பத்து மணி பதினாறு நிமிடத்துக் கார்

கார் சந்துக்குள் நான்கு விரல் பருத்துச் சிக்கிக்கொண்ட அன்று காலை அதற்குள் இருந்தவர்கள் நான்கு பேர். ஸ்டியரிங்கின் முன்னால் ஊசி அக்கா. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கூடத்தில் சேர்ப்பவள், ஆகவே சந்து முழுவதும் அவளுக்கு அந்தப் பெயர்தான். அவள் பக்கத்தில், கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு அவள் கணவர், கடிகாரம் பழுதுபார்ப்பவர். அவருக்குப் பின்னால் அவருடைய தங்கை, அதாவது ஊசி அக்காவின் நாத்தனார், ஜவுளிக்கடையில் வேலை. ஊசி அக்காவுக்குப் பின்னால் எதிர்வீட்டு சர்வேயர். தாம் ஓய்வு பெற்றும் அளவுநாடாவுக்கு ஓய்வு கொடுக்காதவர். பின்னிருக்கையின் நடுவில், ஆறாத பகையாளிகளைப் பிரிப்பதுபோல, ஐஸ் வைத்த பெட்டி. அதற்குள் விடிந்ததிலிருந்து எடுத்த பதினெட்டுப் பேரின் ரத்தம்.

கார்கள் பருக்கத் தொடங்கி அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. முதலில் ஷோரூம்களில்தான் ஆரம்பித்தது. சின்ன வண்டி செய்து கட்டுப்படியாகவில்லை என்று ஒவ்வொரு கம்பெனியாகக் கையை விரித்தது. நான்கு மாடல் இருந்தது இரண்டாகி, ஒன்றாகி, பிறகு விலைப்பட்டியலில் அந்த வரி இருந்த இடத்தில் வெள்ளையாக ஓர் இடைவெளி மட்டும் மிஞ்சியது. அதற்கடுத்த மழைக்காலத்தில், ஏற்கெனவே விற்றுத் தெருவில் ஓடிக்கொண்டிருந்த சின்னக் கார்களும் பருக்கத் தொடங்கின. சில வண்டி வருடத்துக்கு ஒரு விரல், சிலது ஒரே மூச்சில் ஒரு முழம். ஒரு டீச்சரின் கார் கோடை விடுமுறை முடிவதற்குள் ஏழு பேர் உட்காரும் வண்டியாகிவிட்டது. அதற்குப் பெட்ரோல் போட்டு மாளாமல், நிறுத்திய இடத்திலேயே உள்ளே பிள்ளைகளை உட்கார வைத்து டியூஷன் எடுத்தார். மருந்துக்கடைக்காரர் வண்டி ஷெட்டின் கதவைத் தள்ளிக்கொண்டு மூக்கை வெளியே நீட்டியது. காப்பீட்டு அலுவலகம் வளர்ச்சிக்கென்று தனிப் படிவம் அச்சிட்டு, அதை மூன்று பிரதி கேட்டது. யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. பிள்ளைகள் வளர்கிறார்கள், வாடகை வளர்கிறது, காரும் வளர்ந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஊசி அக்காவால் அப்படி விட முடியவில்லை. அவள் வீடு சந்தின் கடைசியில், பெரிய தெருவிலிருந்து முந்நூற்று நாற்பது தப்படி உள்ளே. வீட்டு வாசலில் சந்து கொஞ்சம் அகன்று, ஒரு கார் திரும்ப இடம் கொடுக்கும். மற்றபடி இரண்டு பக்கமும் சுவர். அவள் கணவருக்கு நாற்பது தப்படிக்கு மேல் நடந்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும். சக்கர நாற்காலி என்ற பேச்சை எடுத்தால் மூன்று நாள் பேசமாட்டார், நான்காம் நாள் பேசினாலும் அதைப் பற்றித்தான் பேசுவார். ஆகவே அந்தச் சின்னக் கார் வாசல்வரை வந்தால் அவருக்குக் கடை உண்டு, கடையில் கடிகாரங்கள் உண்டு, பொழுது உண்டு. வராவிட்டால் ஜன்னலோரம் ஒரு நாற்காலி.

அவள் ஷோரூமுக்கும் போய்ப் பார்த்தாள். விற்பனைக்காரர் இருப்பதிலேயே சின்னது என்று காட்டிய வண்டியில் ஏற ஒரு படி போட்டிருந்தார்கள். அதன் விலையில் அந்தச் சந்தில் இரண்டு வீடு வாங்கலாம்.

“இதைவிடச் சின்னதா ஒண்ணும் இல்லையா?” என்றாள்.

“மேடம், இப்பல்லாம் ஜனங்க சின்னது கேக்கறதே இல்ல.”

“நான் கேக்கறேனே. நான் ஜனம் இல்லையா?”

விற்பனைக்காரர் அதைக் கணினியில் தேடிப் பார்ப்பதுபோல் ஏதோ தட்டினார். பிறகு குளிர்ந்த தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அன்று காலை முதல் சுற்றை முடித்துக்கொண்டு வந்து, கணவரையும் நாத்தனாரையும் சர்வேயரையும் ஏற்றிக்கொண்டு அவள் புறப்பட்டது எட்டு மணி பத்து நிமிடத்துக்கு. சந்தின் பாதியில், சுவர் கொஞ்சம் வயிறு தள்ளியிருக்கும் இடத்தில், வண்டி ஒரு பெருமூச்சு விட்டது. இருக்கைகள் மெல்ல அகன்றன. நாத்தனாருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம் விழுந்தது. வெளியே இரண்டு பக்கமும் சுண்ணாம்பு உதிர்ந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. கதவைத் திறக்க வழியே இல்லை. சர்வேயர் உள்ளேயே நாடாவை ஓட்டி, “நாலு விரல். சுத்தமா நாலு விரல்” என்றார், சம்பளம் வாங்கும் காலத்தில் சொல்லியிருக்கக்கூடிய குரலில்.

“சார், அளந்தது போதும். எப்படி வெளிய போறதுன்னு சொல்லுங்க” என்றாள் நாத்தனார்.

“பின்னால டிக்கிக் கதவு வழியா நீ போலாம், நான் போலாம். உங்க அண்ணன் எப்படிப் போவார்?”

கடிகாரக்காரர் கைத்தடியின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரமும், அதற்குமேல் கால் மணி நேரமும் போயிற்று. பெட்டியில் ஐஸ் கரையும் சத்தம் கேட்டது.

ஊசி அக்காவுக்குக் கை சும்மா இருந்தால் ஆகாது. குழாயில் ரத்தம் இறங்கிய கையோடு, ஆளைப் பெயர் சொல்லச் சொல்லிக் கேட்டு, பெயர், வயது, நேரம் எழுதி அவர் கண்ணெதிரிலேயே லேபிள் ஒட்டுவது அவள் தொழிலின் முதல் விதி. பன்னிரண்டு வருடத்தில் அது தொழிலைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. சர்க்கரை டப்பாவுக்கும் லேபிள் உண்டு, நாத்தனாரின் சீப்புக்கும் உண்டு. அன்றும் பையிலிருந்து லேபிள் சுருளை எடுத்து, பெயர்: கார், வயது: பதினொன்று என்று எழுதி, நேரம் பார்க்கக் கணவரின் மணிக்கட்டைத் திருப்பி, அதில் இருந்த எட்டு பத்தைக் குறித்து, டாஷ்போர்டில் ஒட்டி, கட்டைவிரலால் நீவிவிட்டாள்.

வண்டி நான்கு விரல் சுருங்கியது. புறப்பட்ட நேரத்தில் எந்த அளவில் இருந்ததோ அந்த அளவுக்கு வந்து நின்றது.

“நீ என்ன டைம் போட்டே?” என்றார் கணவர்.

“எட்டு பத்து. உங்க கையில பார்த்துத்தான் போட்டேன்.”

“அது ஓடாத வாட்ச்சும்மா. ரிப்பேருக்கு வந்தது. நாம கிளம்பறப்போ நின்னுபோச்சு. இப்ப மணி எட்டு அம்பத்தஞ்சு.”

வேலைக்கு வந்த கைக்கடிகாரங்களைக் கட்டிக்கொண்டே திரிந்து சோதிப்பது அவர் வழக்கம். அந்த வழக்கமும் அவள் வழக்கமும் இடித்துக்கொண்டதில்தான் வண்டி பிழைத்தது. அன்று எல்லோரும் வேலைக்குப் போனார்கள். பதினெட்டுக் குழாயும் கெடாமல் சேர்ந்தது.

ஆனால் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. தப்பான நேரம் போட்ட லேபிளை அவள் வாழ்நாளில் விட்டுவைத்ததில்லை. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் முறை. மாலையில் வாசலில் நின்ற வண்டிக்குள் பேனாவோடு உட்கார்ந்தவளைப் பார்த்து நாத்தனார் ஓடி வந்தாள்.

“அண்ணி, கையக் கால வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க. நீங்க அடிச்சித் திருத்துவீங்க, அண்ணன் நாளைக்குப் பறந்தா போவாரு?”

“தப்பு தப்புதானே.”

“தப்பாவே இருந்துட்டுப் போகட்டும். என்ன, கார் வந்து கேஸ் போடப்போவுதா?”

ஊசி அக்கா யோசித்தாள். ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்த நேரம்தான் குழாயின் நேரம். பரிசோதனைக்கூடம் அதைப் பார்க்கிற நேரம் அல்ல. அப்படியானால் காருக்குரிய நேரம், அது ஷோரூமை விட்டு அவர்கள் கைக்கு வந்த நேரம். தேதி வண்டிப் புத்தகத்தில் இருந்தது. மணி எத்தனை என்று திண்ணமாகச் சொல்லக்கூடிய ஓர் ஆள் உலகத்தில் இருந்தால் அவர் அவள் வீட்டிலேயே இருந்தார்.

“ஷோரூம் கடிகாரத்துல பத்து இருபது” என்றார் கணவர், கண்ணாடியைக் கழற்றாமல். “அது நாலு நிமிஷம் முந்திப் போயிட்டிருந்தது. நான் அவங்ககிட்டச் சொன்னேன், கேக்கல. பத்து பதினாறு போடு.”

எட்டு பத்தை அடித்து, பதினொரு வருடத்துக்கு முந்தைய தேதியும் பத்து பதினாறும் எழுதி, கையெழுத்துப் போட்டாள். வண்டி உலுக்கிக்கொண்டு குறுகியது. இருக்கைகளில் புது பிளாஸ்டிக் வாசனை திரும்பி வந்தது. நாத்தனார் வண்டி ஓட்டப் பழகியபோது பின்பக்கம் விழுந்த நசுங்கல், விழாததுபோல் நிரவிக்கொண்டது. “பாத்தீங்களா? நான் அன்னிலேர்ந்து சொல்றேன், நான் இடிக்கவே இல்ல” என்றாள் அவள். சர்வேயர் நாடாவோடு வந்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு உள்ளங்கை இடைவெளி என்று உறுதி செய்தார்.

சேதி பரவ இரண்டு நாள் ஆயிற்று. சிலர் கடையில் லேபிள் வாங்கித் தாங்களே ஒட்டிப் பார்த்தார்கள், ஒட்டியது, அவ்வளவுதான். ஊசி அக்கா வண்டியின் எதிரில் நின்று, உரிமையாளரைப் பெயர் சொல்லச் சொல்லிக் கேட்டு, வண்டிப் புத்தகம் பார்த்து, கண்ணெதிரில் எழுதி ஒட்டினால்தான் பலித்தது. நேரம் நினைவில்லாதவர்களைக் கடிகாரக்காரர் விசாரித்தார்: வெயில் எந்தப் பக்கம் விழுந்தது, சாப்பிட்டாயிற்றா, பசித்ததா, கேட்டுக் கேட்டுக் கால் மணிக்குள் கொண்டுவந்துவிடுவார். அடுத்த மூன்று வருடத்தில் அந்த வட்டாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கார்கள் பழைய அளவுக்கு வந்தன. டீச்சரின் டியூஷன் மட்டும் இடமில்லாமல் நின்றுபோயிற்று. அதற்காக அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான்காம் வருடம், முன்பு அந்தக் காரைச் செய்த தொழிற்சாலையிலிருந்து தடித்த உறையில் ஒரு கடிதம் வந்தது. கொண்டுவந்த வேன் சந்துக்குள் நுழையவில்லை. ஓட்டுநர் இறங்கி, முந்நூற்று நாற்பது தப்படி நடந்து வந்து கொடுத்தார். சின்ன வண்டி செய்வது எங்களுக்கே இனி கைவராது என்றும், தங்கள் காரையும் லேபிளையும் ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் தங்கள் பெயரில் எங்களுடைய மிகப்பெரிய புது வண்டி ஒன்றை இலவசமாக வாசலில் நிறுத்துகிறோம் என்றும் எழுதியிருந்தார்கள்.

“எந்த வாசல்ல?” என்றார் கணவர்.

“ஓசிக்குப் புது வண்டி அண்ணா. ஏசி இருக்கும்” என்றாள் நாத்தனார். பிறகு அண்ணனின் கைத்தடியைப் பார்த்துவிட்டு, “சரி, நம்மதுலயும் ஜன்னல் இருக்கு” என்றாள்.

ஊசி அக்கா அன்றே பதில் எழுதினாள். தேதி, இடம், பொருள் எல்லாம் போட்டு, ஒரே பக்கத்தில் முடித்தாள். தங்கள் கடிதம் கிடைத்தது. வண்டியைத் தருவதற்கில்லை, அது தினமும் வேலைக்குப் போகிறது. நான் வைத்திருக்கும் லேபிள் எந்தக் கடையிலும் கிடைக்கும் லேபிள்தான். அதில் முன்கூட்டியே எழுதியும் அனுப்ப முடியாது. காலிக் குழாய்க்கு லேபிள் ஒட்டுவது எங்கள் தொழிலில் இல்லை. கைவராது என்று எழுதியிருக்கிறீர்கள். பதினொரு வருடம் ஓடி, அதற்குமேல் மூன்று வருடம் புதிதாகவே ஓடும் இந்த வண்டி உங்கள் கை செய்ததுதான். அளவுகளைச் சர்வேயர் எடுத்துக் கொடுத்திருக்கிறார், இணைத்திருக்கிறேன். என்னைப் போன்றவர்கள் வாங்கக்கூடிய விலையில் ஒன்று செய்து, அதை ஓட்டிக்கொண்டே எங்கள் வாசல்வரை வாருங்கள். வந்து நின்றால், உங்கள் கண்ணெதிரில் ஒட்டித் தருகிறேன். பிறகு அது எங்கே போனாலும் அந்த அளவில்தான் இருக்கும்.

மறுநாள் காலை, எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினாள். சர்வேயர் அளவுத்தாளை எட்டாக மடித்துக் கொடுத்தார். உறையின் ஓரத்தைத் தண்ணீர் தொட்டு ஒட்டி, மேலே ஒரு லேபிள் வைத்து, கணவரின் மணிக்கட்டைத் திருப்பி, “இது ஓடுதா?” என்று கேட்டாள்.

“ஓடுது.”

எட்டு மணி பத்து நிமிடம் என்று எழுதிக் கட்டைவிரலால் நீவிவிட்டாள். நால்வரும் அவரவர் இடத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். கடிதம் கடிகாரக்காரர் மடியில் இருந்தது. இருபுறமும் ஒவ்வொரு உள்ளங்கை இடைவெளி விட்டுக் கார் சந்தைக் கடந்து பெரிய தெருவுக்கு வந்தது. அவர் ஜன்னல் வழியே கையை நீட்டி, இறங்காமலே, உறையைத் தபால்பெட்டிக்குள் போட்டார்.