சிவப்புத் துணி கட்டிய லாரி

ஒரே நாளில் இரண்டு கம்பெனிகள் என்னை வரச் சொல்லின. கனரக வாகன உரிமம் கைக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. எங்கே சேருகிறேன் என்று மறுநாள் மாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

பயிற்சிப் பள்ளியில் கடைசி நாளன்று ஒன்றைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் வருடத்திலேயே பெயரில் ஒரு விபத்து ஏறிவிட்டால், அப்புறம் பெரிய வண்டியை நம்பித் தர ஆள் கிடைக்காது. அதனால் முதன்முதலில் சேரும் கம்பெனியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எதைப் பார்த்து என்று சொல்லவில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அத்தான். அவர் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை செய்கிறார். என்னை அழைத்த இரண்டில் முதல் கம்பெனியின் மேனேஜர் அவருக்குப் பழக்கம். "எல்லாம் புது வண்டி. நான் வேற சொல்லி வச்சிருக்கேன்."

"ரெண்டையும் நேர்ல பார்த்து விசாரிச்சுட்டுச் சொல்றேன் அத்தான்."

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டாள். "யாரு, நீயா? பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினவ நீ. விசாரிக்கப் போறாளாம்!"

"அது ஒரு தடவைதான்."

"மூணு தடவை."

அக்கா சொன்னது சரி. நான் இயற்பியல் படித்தவள். மூன்று வருடத்தில் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆனால் பார்ப்பேன். படித்து முடித்து ஒன்றரை வருடம் ஒரு அறைக்குள் உட்கார்ந்து தண்ணீரின் தரம் சோதித்தேன். ஜன்னலுக்கு வெளியே லாரிகள் போயின. அத்தனை டன்னை எப்படி நிறுத்துகிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்ததில் வந்த வினைதான் இந்த உரிமம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே முதல் கம்பெனிக்குப் போனேன். ஒரு தாளில் எட்டுக் கேள்விகள் எழுதிப் பையில் வைத்திருந்தேன். மேனேஜரின் அறை குளிர்ந்திருந்தது. சுவரில் ஒரு திரை. அதில் நாற்பது பச்சைப் புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு லாரி.

"முற்றத்தைப் பாருங்க" என்று ஜன்னலைக் காட்டினார். பெரிய சிமெண்ட் முற்றம். ஒரு வண்டிகூட இல்லை. "நம்ம வண்டி நிக்கவே நிக்காது. நாளைக்கே உங்களுக்கும் ஒண்ணு தந்துடுவோம். ஏதாவது கேக்கணுமா?"

"இல்ல சார்" என்றேன். எட்டுக் கேள்விகளும் பையிலேயே இருந்தன.

வெளியே வந்தபோது எனக்கு அந்தக் காலி முற்றம் பிடித்திருந்தது. ஓடுகிற வண்டி நல்ல வண்டி. நிற்கிற வண்டியில் கோளாறு. அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது கம்பெனி ஊருக்கு வெளியே, மரக்கடைகளுக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே மூன்று லாரிகள் நின்றன. ஒன்றில் என்ஜினே இல்லை. இன்னொன்றுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது முழு லோடுடன், தார்ப்பாய் போர்த்தி, கயிறு இறுக்கி, இப்போதே கிளம்புவதுபோல் நின்றது. கிளம்பவில்லை. அதன் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி இரண்டு முடிச்சாகக் கட்டியிருந்தது.

பக்கத்தில் ஒரு அம்மாள் ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார். அவர்தான் முதலாளி. "லோடு ஏத்தியாச்சு சார். வண்டி ரெடி சார். டிரைவர் கட்டிட்டான் சார், நான் என்ன பண்ண?" ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வரச் சொன்ன பொண்ணா? நில்லு. இந்த ஒட்டகம் வந்து தொலையட்டும்."

நின்றேன். அந்தத் துணியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. லோடு ஏற்றிய வண்டியை எதற்காக ஒரு துணி நிறுத்தி வைக்க வேண்டும்? தாளில் இல்லாத கேள்வி அது. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"அந்தத் துணி எதுக்குங்க?"

முதலாளியம்மா திரும்பவில்லை. டயர் மாற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்தான் பதில் சொன்னார். "வண்டி சரியில்லன்னு டிரைவருக்குத் தோணுச்சுன்னா துணி கட்டிடுவார். கட்டினவர்தான் அவுக்கணும். வேற யாரும் அவுக்கக் கூடாது."

"முதலாளிகூடவா?"

"அவங்கதானே இந்த ஏற்பாட்டையே பண்ணினது. இப்ப வயிறு எரியுது."

"எரியாம?" என்றார் அம்மாள். "நேத்து மத்தியானம் கட்டிட்டு வீட்டுக்குப் போனவன். நீ பார்த்து முடிச்சு ரெண்டு மணி நேரமாச்சு."

கொஞ்ச நேரத்தில் ஒட்டகம் சைக்கிளில் வந்தார். பெயர் வைத்தவரைப் பாராட்ட வேண்டும். உயரம் மட்டுமில்லை, கழுத்தும் அப்படித்தான்.

"வாங்க ராஜா" என்றார் அம்மாள். "பல்லக்கு அனுப்பலையேன்னு கோவமா?"

"பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வரேன்மா. பிரேக்ல காத்து இறங்குதுன்னு சொன்னேனே, பார்த்தாச்சா?"

"மூணு தடவை பார்த்தாச்சு" என்றார் மெக்கானிக். "ஒண்ணும் இல்ல. உன் காதுலதான் காத்து."

ஒட்டகம் துணியை அவிழ்க்கவில்லை. ஏறி என்ஜினைப் போட்டார். பிரேக்குக்கான காற்றுத் தொட்டி நிரம்பும்வரை காத்திருந்து, என்ஜினை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்தார். காற்று கசிந்தால் முள் இறங்கும் என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கும் இதைக் கற்றுத் தந்திருந்தார்கள். நான் படியில் ஏறி எட்டிப் பார்த்தேன்.

"நீங்க யாரு?" என்றார்.

"சேரலாமான்னு பார்க்க வந்தேன்."

"அப்ப நீங்களும் பாருங்க. இறங்குதா?"

கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். முள் அசையவில்லை. அவர் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தார். மூன்றாவது முறையும் அதே கதைதான். அவர் முகம் மெல்லச் சுருங்கியது. தவறு அவருடையது. ஒரு முழு லோடு ஒரு நாள் தாமதம்.

"எனக்கு நேத்து இறங்கின மாதிரிதான் இருந்துச்சும்மா" என்றார் கீழே பார்த்து.

இப்போது திட்டு விழும் என்று நான் படியில் நின்றபடியே தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மாள் திட்டவும்தான் செய்தார். சைக்கிளை வழியில் நிறுத்தியதற்குத் திட்டினார். ஃபோனை எடுக்காததற்குத் திட்டினார். "முடிய வெட்டு, லோடு ஏத்தின வைக்கோல் வண்டி மாதிரி இருக்கே" என்றார். துணியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. காத்திருந்தேன். கடைசிவரை வரவில்லை. ஒட்டகம் முடிச்சுகளை அவிழ்த்துத் துணியை மடித்து வைத்தார். வண்டி கிளம்பியது.

"ஏன் அதுக்குத் திட்டல?" என்று கேட்டேன். இன்று எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

அம்மாள் என்னை ஒரு நொடி பார்த்தார். "திட்டினா அடுத்த தடவை கட்டுவானா? கட்டாம போவான். போய்ச் சேர்ந்தா சரி. சேரலன்னா?" பிறகு, "உனக்கு வண்டி உடனே கிடையாது. என்ஜின் வர ஒரு வாரம் ஆகும். சம்மதம்னா சொல்லு" என்றார்.

உடனே சொல்லவில்லை. மரக்கடை ஓரமாக நின்று முதல் கம்பெனி மேனேஜருக்கு ஃபோன் செய்தேன். இரண்டு முறை எண்ணை அழுத்தி அழித்து, மூன்றாம் முறைதான் மணி அடிக்க விட்டேன்.

"சார், ஒரு கேள்வி. கிளம்பற நேரத்துல வண்டி சரியில்லன்னு டிரைவர் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

அவர் சிரித்தார். நல்லவிதமான சிரிப்புதான். "பயப்படாதீங்கம்மா. இத்தனை வருஷத்துல நம்ம டிரைவர் ஒருத்தர்கூட அப்படிச் சொன்னதில்ல."

நாற்பது வண்டிகள். இத்தனை வருடம். ஒருவர்கூட. காலையில் கேட்டிருந்தால் அது எனக்கு நல்ல செய்தியாக இருந்திருக்கும்.

"மன்னிச்சுக்கோங்க சார், நான் வரல" என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். திரும்பிப் போய் அம்மாளிடம் ஒரு வாரம் காத்திருப்பதாகச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஃபோனை எடுத்தார்.

வீட்டில் அத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் ஏற்கெனவே பேசிவிட்டார் போலும். "பாதி வண்டி படுத்துக் கிடக்கிற கம்பெனிக்கா போற? நான் அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

நடந்ததை முழுதாகச் சொன்னேன். துணி, முடிச்சு, அசையாத முள், வைக்கோல் வண்டி. அக்கா வைக்கோலுக்குச் சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. தட்டில் கையை வைத்தபடி இருந்தார்.

"இரு. அந்த ஆளு சொன்னது தப்புன்னு ஆயிடுச்சு, இல்ல?"

"ஆமா அத்தான்."

"எல்லார் முன்னாடியும்."

"ஆமா."

"அதுக்கப்புறமும் அந்தம்மா ஒண்ணும் சொல்லல?"

"முடி வெட்டச் சொன்னாங்க."

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். ஸ்டோரில் ஏதோ ஒரு நாளை நினைத்துக்கொள்கிறவர்போல் சுவரைப் பார்த்தார். பிறகு மறுபடி என் பக்கம் திரும்பினார்.

"நிஜமாவே ஒண்ணும் சொல்லலையா?"