இரண்டு நாட்டிலும் குடியிருந்தவள்

ஏஸ்தெல் புதுச்சேரி முல்லா வீதியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தாள். பிரான்சுக்கு வேலைக்குப் போக நினைக்கும் நர்சுகளுக்கு இணையத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பது அவள் பிழைப்பு. மாணவிகளைச் சேர்த்துத் தந்தது ஐரோப்பாவில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் தளம். கட்டணத்தில் ஒரு பங்கை அது கமிஷனாக எடுத்துக்கொள்ளும். அந்தக் கமிஷனுக்கு வரியும் அவள்தான் கட்ட வேண்டும்.

ஜூன் மாத ரசீதை நிதானமாகப் படித்தபோதுதான் வரி இரண்டு முறை விழுந்திருப்பது தெரிந்தது. பிரான்சுக்கு இருபது சதவீதம், இந்தியாவுக்குப் பதினெட்டு. போன வருடத்திலிருந்தே இப்படித்தான். அவள் பாஸ்போர்ட் தாத்தா வழியில் வந்த பிரெஞ்சு பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு புதுச்சேரியில். ஒன்றைப் பார்த்து அங்கேயும் மற்றதைப் பார்த்து இங்கேயும் அவளைக் குடிவைத்திருந்தார்கள். பிரான்சில் அவள் மொத்தமாக இருந்ததே பதினோரு நாள், தங்கை கல்யாணத்துக்கு.

தளத்துக்கு எழுதிக் கேட்டாள். இயந்திரம் பதில் போட்டது: பொறுமைக்கு நன்றி, இருப்பிடச் சான்று அனுப்பவும். மின்கட்டண ரசீதை அனுப்பினாள். அது வீட்டுக்காரர் ஷஃபீக் பெயரில் இருக்கிறதென்று தள்ளினார்கள். வாடகை ஒப்பந்தத்தை அனுப்பினாள். தமிழில் இருந்ததால் படிக்க முடியாத ஆவணம் என்றார்கள். மொழிபெயர்த்து, நோட்டரியிடம் முத்திரை வாங்கி, ஒரு மாதம் கழித்து மறுபடி அனுப்பப் போனால், எந்த மாநிலம் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் புதுச்சேரியே இல்லை.

கீழ் வீட்டில் இருந்த ஷஃபீக்கின் மனைவி நூரீன் ஆன்லைனில் செருப்பு விற்கிறவள். அவளிடம் போய்ச் சொன்னாள்.

“தமிழ்நாடுன்னு போட்டுடுங்கக்கா. நான் அப்படித்தான் போடறேன். யாரு கேக்கப் போறாங்க?” என்றாள் நூரீன்.

போட்டாள். அவர்கள் கேட்டார்கள். மாநிலமும் ஆவணமும் பொருந்தவில்லை என்று இரண்டாம் நாள் கணக்கையே முடக்கிவிட்டார்கள். சனிக்கிழமை அவள் மாணவிகள் நான்கு பேருக்குப் பரீட்சை. கடலூரிலிருந்து கலைமகள் என்ற நர்ஸ் அழாத குறையாகப் பேசினாள். தளத்துக்கு வெளியே காசு வாங்கக் கூடாதென்பது ஒப்பந்தம். ஏஸ்தெல் காசே வாங்காமல் நால்வருக்கும் போனில் வீடியோ வழியாகப் பாடம் நடத்தினாள். பாடம் முடிந்து போனை வைக்கும்போதெல்லாம் தளத்தை நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

கணக்கு முடங்கிய எட்டாவது நாள் தளத்திலிருந்து ஒரு மனிதர் போனில் கூப்பிட்டார். இயந்திரம் இல்லை, நிஜ மனிதர். பிரெஞ்சில் மிகவும் மரியாதையாகப் பேசினார். அவள் கோப்பு முழுவதையும் படித்துவிட்டதாகவும், ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி என்றும் சொன்னார். பாண்டிச்சேரி பிரான்சில் எந்த மாவட்டத்தில் வருகிறது?

கத்துவதற்கென்று ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

“பாண்டிச்சேரி இந்தியாவில் இருக்கிறது, மிஸ்யே. பிரெஞ்சுக்காரர்கள் போய் எழுபது வருடம் தாண்டிவிட்டது. நான் பிறந்ததே அதற்குப் பிறகுதான்.”

அவர் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த வாரம் கணக்கு திறந்தது. பட்டியலில் புதுச்சேரி ஏறியது, பிரெஞ்சு வரி நின்றது. ஆனால் கடைசி மூன்று மாத வரியைத்தான் திருப்பித் தந்தார்கள். அதற்கு முந்தியதை பிரெஞ்சு வரி அலுவலகத்தில் கேட்கச் சொன்னார்கள். அங்கே எழுதினாள். அவள் பிரான்சில் வசிக்காததால் அவள் பெயரில் கோப்பு எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

அந்தக் கடிதத்தை நூரீனிடம் காட்டினாள். இனிமேல் இந்திய வரி மட்டும்தானே, அதுவும் பாரம்தானே என்று நூரீன் கேட்டாள்.

“அத நான் கட்டிட்டுப் போறேன் நூரீன். இங்கதான இருக்கேன். இங்கதான் இருக்கேன்னு நம்ப வைக்க ரெண்டு மாசம் ஆச்சு பாரு, அதத்தான் தாங்க முடியல.”

நால்வரில் கலைமகள் உட்பட மூன்று பேர் தேறினார்கள். தேறாதவளுக்கு ஏஸ்தெல் திங்கட்கிழமையன்று, முதல் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.